வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், தமிழறிஞர் எனப் பல துறைகளில் பணியாற்றியவர் ஆவார். வ. உ. சி. என்றும் வ. உ. சிதம்பரனார் என்றும் இவர் அறியப்படுகின்றார். 1906 ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டமையால் கப்பலோட்டிய தமிழன் எனப் போற்றப்படுகின்றார்.

வ. உ. சி. யின் கம்பெனி பொதுமக்களிடம் பங்குகளை விற்று மூலதனம் திரட்டிய ஒரு பங்கு நிறுவனமாகும். ஒரு நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் அதில் தம் சொந்தப் பணத்தை இடுவதை, வெளியில் உள்ள முதலீட்டாளர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இன்றைய பங்குச்சந்தையில் பெரிதும் பேசப்படும் கேள்வி. அக்கேள்விக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளுள் வ. உ. சி. யின் வாழ்க்கையும் ஒன்று.

பிறப்பும் இளமையும்

வ. உ. சி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் கல்வி கற்ற பின், சட்டம் பயின்று 1894 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தேர்வில் தேறினார். அடுத்த ஆண்டு முதல் ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். காவல் துறையினர் தொடுத்த வழக்குகளில் எளியவர்களுக்காக வாதாடியமையால் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. அதனைத் தவிர்க்க விரும்பிய தந்தையார் 1900 ஆம் ஆண்டு அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார். முதல் மனைவி வள்ளியம்மை மறைந்த பின்னர் மீனாட்சி அம்மாளை மணந்தார்.

தூத்துக்குடியும் கடல் வணிகமும்

அக்காலத்தில் தூத்துக்குடி தென் தமிழகத்தின் முதன்மையான துறைமுகமாக விளங்கியது. கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும் இவ்வழியே பயணம் செய்தனர். 1902 முதல் 1904 வரையிலான ஆண்டுகளில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை இருப்புப் பாதை அமைக்கப்பட்டது. இதனால் குற்றால மலையடிவாரத்து ஊர்களும் தூத்துக்குடித் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டன.

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியே ஆதிக்கம் செலுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கொண்டிருந்த அந்நிறுவனம் வைத்ததே கட்டணம் என்ற நிலை இருந்தது.

1905 ஆம் ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டதைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. சென்னையில் சுவாமி இராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்தது தமக்குள் சுதேசிய எண்ணத்தை விதைத்ததாக வ. உ. சி. பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதினார். சுதேசி பிரசார சபை, தர்ம சங்க நெசவுச் சாலை, சுதேசி பண்டக சாலை முதலிய அமைப்புகளை ஏற்படுத்திய அவர், அடுத்ததாகக் கப்பல் தொழிலில் இறங்கத் துணிந்தார்.

சுதேசி கப்பல் கம்பெனி

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், 1882 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. இது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம் என விதி அமைந்தது.

பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளராகவும், வ. உ. சி. துணைச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். பக்கீர் சேட் 8,000 பங்குகளை ஏற்றார். இதன் மதிப்பு 2 இலட்சம் ரூபாய். அறிவிக்கப்பட்ட மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பங்காகும். வ. உ. சி. தம் வழக்கறிஞர் தொழிலை ஏறத்தாழக் கைவிட்டு, பங்குகளை விற்பதற்காக ஊர் ஊராகச் சென்றார். சென்னையிலிருந்து சுப்பிரமணிய பாரதியார் தம்முடைய இந்தியா வார இதழின் மூலம் கம்பெனிக்கு ஆதரவு திரட்டினார்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தமாகக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் அந்நிறுவனம் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ. உ. சி. உடனே கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து தடைபடாமல் காத்தார். பிறகு வடநாடு சென்று பாலகங்காதர திலகர் முதலியோரின் உதவியைப் பெற்றார். 1907 ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்குகளையும் ஏற்றவல்லது எனக் குறிப்புகள் கூறுகின்றன.

பங்குகளும் நம்பிக்கையும்

கம்பெனி பதிவான அதே அக்டோபர் மாதத்தில், சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் வங்கி நொடித்துப் போனது. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். வங்கியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்கு விசாரணைக்குப் பின் சிறைத் தண்டனை பெற்றார். இந்நிகழ்ச்சியின் விளைவாகவே 1907 ஆம் ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியது. ஒரு நிறுவனத்தை நடத்துவோர் உள்ளே என்ன செய்கின்றனர் என்பதை வெளியில் இருப்போர் அறிய வழியில்லை என்னும் உண்மையை அவ்வீழ்ச்சி மக்களுக்கு உணர்த்தியது.

அத்தகைய காலத்தில் 25 ரூபாய் கொடுத்து ஒரு பங்கு வாங்க எண்ணிய சிறு வணிகருக்குக் கப்பல் தொழிலின் கணக்கு வழக்குகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சென்னையில் அப்போது பங்குச்சந்தையும் கிடையாது. அது முதன்முதலில் 1920 ஆம் ஆண்டே அமைந்தது. ஆயினும், கம்பெனியை நடத்தப் போகின்றவர்களே அதில் பணம் இடுகின்றனரா என்பதை அவரால் கேட்டறிய முடியும். வணிகத்தில் பழகிய செயலாளர் ஒருவரே 8,000 பங்குகளை ஏற்றது, கம்பெனியை நம்பலாம் என்பதற்கு ஒரு சான்றாக அமைந்தது. கம்பெனியில் நட்டம் ஏற்பட்டால் அவருக்கே முதல் அடி விழும் என்பது அனைவருக்கும் தெரிந்ததே.

கட்டணப் போட்டி

சுதேசிக் கப்பல்களுக்கு மக்களிடையே பெரும் வரவேற்பு கிடைத்தது. இதனால் வருவாய் இழந்த பிரிட்டிஷ் கம்பெனி தன் பயணக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசி கம்பெனி 8 அணா, அதாவது அரை ரூபாய் எனக் குறைத்தது. அதன் பின் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணமே இன்றி ஏற்றிச் சென்றதாகவும், பயணிகளுக்குக் குடையை அன்பளிப்பாகத் தந்ததாகவும் கூறப்படுகின்றது. அரசு அதிகாரிகளும் வெளிப்படையாகவும் மறைமுகமாகவும் பிரிட்டிஷ் கம்பெனிக்கே துணை நின்றனர்.

இப்போட்டியில் இரு தரப்பும் சம நிலையில் இல்லை. 8 அணா கட்டணத்தில் 1,300 பேர் நிறைந்த கப்பலும் ஒரு பயணத்தில் 650 ரூபாய் மட்டுமே ஈட்டும். நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகச் செலவு ஆகியன கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறைவதில்லை. பல கடல்வழிகளில் ஈட்டிய வருவாயைக் கொண்டு ஒரு வழியில் ஏற்படும் நட்டத்தை ஈடுகட்டப் பிரிட்டிஷ் கம்பெனியால் இயன்றது. சுதேசி கம்பெனிக்கு இருந்ததோ ஒரே வழிதான்.

இக்காலத்தில் பிரிட்டிஷ் கம்பெனி வ. உ. சி. யை விலைக்கு வாங்க முயன்றதாகவும், அவர் அதனை மறுத்துவிட்டதாகவும் அறியப்படுகின்றது. தம் கம்பெனியின் இடர்களை எல்லாரினும் நன்கு அறிந்திருந்தும் அவர் விலகிச் செல்லவில்லை.

கைதும் சிறைவாசமும்

1908 ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சி. யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் தலைமை தாங்கினர். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிருவாகம் கோரிக்கைகளை ஏற்றது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் இது முன்னோடிப் போராட்டங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

வ. உ. சி. யின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய அரசு, மார்ச் 12, 1908 அன்று அவரையும் சிவாவையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, ஜூலை 7, 1908 அன்று வ. உ. சி. க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீடுகளில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் கல் உடைக்கவும் செக்கிழுக்கவும் வைக்கப்பட்டார். 1910 ஆம் ஆண்டு இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். டிசம்பர் 24, 1912 அன்று விடுதலையானார்.

கம்பெனியின் முடிவு

வ. உ. சி. சிறை சென்ற பின் கம்பெனியை அதே உறுதியோடு நடத்த எவரும் இல்லை. கட்டணப் போட்டியால் ஏற்பட்ட நட்டமும், அரசின் அச்சுறுத்தலும், நிருவாகத்தினரிடையே எழுந்த கருத்து வேறுபாடுகளும் அதனை நலிவடையச் செய்தன. 1911 ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டியாளரான பிரிட்டிஷ் கம்பெனிக்கே விற்கப்பட்டது. தம் வாழ்நாள் முயற்சி இவ்வாறு முடிந்த போது வ. உ. சி. கண்ணனூர்ச் சிறையில் இருந்தார்.

தென்காசி, செங்கோட்டைப் பகுதியில் எதிரொலி

தூத்துக்குடியில் நிகழ்ந்தவை குற்றாலத்தை அடுத்துள்ள தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளிலும் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தின. நீலகண்ட பிரம்மச்சாரி இப்பகுதி இளைஞர்களைக் கொண்டு இரகசியச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். 1910 ஆம் ஆண்டு தென்காசியில் அவ்வியக்கத்தினர் கூடினர். தென்காசியைச் சேர்ந்த மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை பின்னர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவர். பெயர் ஒற்றுமை இருப்பினும் இவர் வ. உ. சி. அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன், ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். 1908 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் பணியாற்றிய ஆஷ், சுதேசி கம்பெனியை ஒடுக்கியவர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார். சிறையில் இருந்த வ. உ. சி. க்கு இச்செயலில் எவ்விதப் பங்கும் இல்லை. தென்காசியை அடுத்த கடையம் பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊராகும். புதுச்சேரியிலிருந்து 1918 ஆம் ஆண்டு வெளியேறிய பாரதியார் சில காலம் அங்கு வாழ்ந்தார்.

பிற்கால வாழ்க்கையும் தமிழ்ப்பணியும்

விடுதலையான நாளில் வ. உ. சி. யை வரவேற்க மிகச் சிலரே வந்திருந்தனர். அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு கடைகள் வைத்துப் பிழைக்க முயன்றார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய 347 ரூபாய் 12 அணா காந்தியடிகளின் வழியாக வர வேண்டியிருந்தது. அத்தொகைக்காக இருவரிடையே நீண்ட கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. 1916 ஆம் ஆண்டிலேயே பணம் அவரைச் சென்றடைந்தது. ஒரு காலத்தில் 10 இலட்சம் ரூபாய்க் கம்பெனிக்குப் பங்கு விற்றவரின் வறுமை நிலையை இச்செய்தி காட்டுகின்றது.

நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியைக் கருதித் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோயம்புத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களில் வாழ்ந்த பின் 1932 ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குத் திரும்பினார்.

மெய்யறிவு, மெய்யறம் ஆகிய நூல்களையும், செய்யுள் வடிவில் சுயசரிதையையும் எழுதினார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம் போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்னும் பெயர்களில் மொழிபெயர்த்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். நவம்பர் 18, 1936 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். இறுதி நாள்களில் எழுதிய உயிலில், தாம் தர வேண்டிய கடன்களையும் குறித்து வைத்திருந்தார்.

முதலீட்டு நோக்கில்

அமெரிக்காவில் 1934 ஆம் ஆண்டு பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் எழுதிய செக்யூரிட்டி அனாலிசிஸ் என்னும் நூல், மதிப்புசார் முதலீட்டிற்கு அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகின்றது. அதே ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட பங்குப் பரிவர்த்தனைச் சட்டம், நிறுவனத்தின் இயக்குநர்களும் உயர் அலுவலர்களும் தம் பங்குகளை வாங்குவதையும் விற்பதையும் வெளியிட வேண்டும் என்றது. இவர்களைப் பங்குச்சந்தையில் இன்சைடர்கள் என்பர். இந்தியாவில் செபி அமைப்பு 1992 ஆம் ஆண்டு இது குறித்து விதிகளை வகுத்து, 2015 ஆம் ஆண்டு அவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. புதிய விதிகளின்படி புரோமோட்டர்களும் இயக்குநர்களும் ஒரு காலாண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் தம் நிறுவனப் பங்குகளை வாங்கினாலோ விற்றாலோ, இரண்டு வணிக நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளியிடப்படாத உள்விவரத்தைப் பயன்படுத்திப் பங்கு வாங்குவது குற்றமாகும். விதிக்கு உட்பட்டு வாங்கி வெளிப்படையாக அறிவிப்பது குற்றமன்று.

பங்கை விற்பதற்கு வீடு கட்டுதல், திருமணம், கடன் எனப் பல காரணங்கள் இருக்கலாம். சொந்தப் பணத்தில் வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அப்பங்கு மேலும் உயரும் என்னும் நம்பிக்கையே. ஆகவே மதிப்புசார் முதலீட்டாளர்கள் இன்சைடர்கள் வாங்குவதை ஒரு நல்ல அறிகுறியாகக் கருதுகின்றனர்.

சுதேசி கம்பெனியின் வரலாறு அவ்வறிகுறியின் எல்லைகளையும் காட்டுகின்றது. முதலாவதாக, அதன் பங்குகளை வாங்கியோர் இலாபத்தை மட்டும் கருதி வாங்கவில்லை. நாட்டுப்பற்றும் அதில் கலந்திருந்தது. வாங்குவோரின் நோக்கம் இரண்டாகும் போது, அவர்கள் இலாபத்தை எவ்வளவு எதிர்பார்த்தனர் என்பதைப் பங்கு எண்ணிக்கையைக் கொண்டு அளவிட இயலாது. இரண்டாவதாக, உள்ளிருப்போர் தம் நிறுவனத்தையே நன்கு அறிவர். போட்டியாளரின் பண வலிமையும் அரசின் நடவடிக்கையும் அவர்கள் அறிவுக்கும் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டவை. மூன்றாவதாக, நிறுவனம் ஒரே மனிதரைச் சார்ந்திருந்தது. அவரை அகற்றிய போது அதுவும் சரிந்தது. நான்காவதாக, கணிப்பு தவறினாலும் முதலைக் காக்கும் அளவுக்குக் குறைந்த விலையில் வாங்க வேண்டும் என்று கிரகாம் வலியுறுத்திய பாதுகாப்பு இடைவெளி, அரை ரூபாய்க்குப் பயணிகளை ஏற்றிய கம்பெனியின் பங்கில் இருந்ததில்லை.

பக்கீர் சேட் ஏற்ற 8,000 பங்குகள் பொய்யான அறிகுறி அல்ல. கம்பெனியை நடத்தியோர் நேர்மையாளர்கள், தம் சொல்லை நம்பியவர்கள் என்பதை அவை சரியாகவே காட்டின. கம்பெனி வெல்லுமா என்னும் கேள்விக்கு விடை அவற்றில் இல்லை. நடத்துவோரின் நேர்மையை அறிந்த பின்பும், தொழிலின் வலிமையை முதலீட்டாளர் தனியே ஆராய வேண்டியுள்ளது.

நினைவுகள்

ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி, பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படம் 1961 ஆம் ஆண்டு வெளிவந்தது. பிறந்த நூற்றாண்டான 1972 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. 1986 ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டம் சில ஆண்டுகள் அவர் பெயரால் வழங்கியது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்கள் 2019 ஆம் ஆண்டு தென்காசி மாவட்டமாகத் தனியே அமைந்தன. சுதேசிக் கப்பல்கள் புறப்பட்ட தூத்துக்குடியின் துறைமுகத்திற்கு 2011 ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது.